பெப்பர்மின்ட் வாடையும் பார்லியின் மூக்கும்

வர்னா டீட்ஸ் நெப்ராஸ்காவில் முப்பது வருடம் தபால் பட்டுவாடா செய்தவள். தெருவுக்குத் தெரு நாய்க்கடி வாங்கியவள், ஓய்வு பெற்றதும் நோயாளிகளுக்கு உதவும் நாய்களை வளர்க்கக் கிளம்பினாள். "கடிச்சதுங்களையே கட்டிக்கிட்டு அழறியே!" என்று ஊரே கேலி செய்தது.

ஏழாவது நாய் பார்லி. ஒருவருக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் மோப்பம் பிடித்து, அவர் முழங்காலில் காலை வைக்க வேண்டும். அப்படி இறங்கியவர்களின் எச்சிலில் நனைத்த பஞ்சைத் தகர டப்பாவில் அடைத்துத்தான் பழக்குவார்கள்.

ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கையில், நாற்காலியில் கிடந்த அவள் கோட்டின் மேல் பார்லி காலை வைத்தான். பையில் பெப்பர்மின்ட் மிட்டாய். வர்னாவுக்குப் பகீரென்றது. நாள் முழுக்க மிட்டாயை எடுத்து வாயில் போடுகிற அந்தக் கையால்தானே எல்லா டப்பாவையும் அடைத்தாள்? நாய் கற்றது சர்க்கரையையா, மிட்டாயையா? பாழாய்ப்போன நாக்கு!

கிளேட்டன் என்ற விவசாயி பார்லிக்காகக் காத்திருந்தார். மயக்கம் வருவதே அவருக்குத் தெரியாது. போன குளிர்காலத்தில் டிராக்டரிலேயே சரிந்துவிட்டார். நாய் ஏமாற்றினால் மனிதர் செத்தே போவார். வர்னா வெட்கத்தை விட்டுத் தலைமைப் பயிற்சியாளர் ஜோலீனிடம் சொல்லிவிட்டாள்.

"ஆறு நாய் வளர்த்தவ பண்ற காரியமா இது? நான் கையுறை போட்டுப் புதுசா அடைக்கிறேன். நீ கதவுகிட்டயே நில்லு."

அந்தச் சோதனையைப் பார்க்கக் கிளேட்டனும் மனைவி மார்லிஸும் வந்து உட்கார்ந்தார்கள். ஜோலீன் டப்பாக்களை வரிசையாக வைத்தாள். பார்லி அவற்றைச் சீண்டவே இல்லை. நேரே போய்க் கிளேட்டனின் முழங்காலில் காலை வைத்தான்.

"பார்லி, வாடா இங்க!" வர்னா கத்தினாள். அவன் அசையவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்," என்றார் கிளேட்டன். மார்லிஸ் விடாமல் அவர் விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை ஐம்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது.

"ஜூஸ் கொண்டாங்க, சீக்கிரம்!" என்றாள் மார்லிஸ்.

அவர் குடித்துத் தெளிந்ததும் டப்பாக்களை வைத்தும் பார்த்தார்கள். பார்லி மிட்டாய் போட்ட டப்பாவைத் தாண்டிப்போய், பஞ்சு இருந்ததில் சரியாகக் காலை வைத்தான். ஜோலீன் வர்னாவின் கோட்டுப் பையைத் துழாவினாள். மிட்டாய்க்கு அடியில் பழைய பஞ்சு டப்பா ஒன்று கிடந்தது.

"அடி மறதிக்காரி! அவன் மேல பழி போட்டியே!"

அப்பாடா! வர்னா தரையிலேயே உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதாள்.

மார்லிஸ் அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். "நாலு வருஷமா இவர் மூச்சு விடறாரான்னு பார்த்துக்கிட்டேதான் படுக்கறேன். இன்னும் ஒரு வாரம் என்னால முடியாது. இன்னைக்கே இவனைக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

பார்லியோடு இருக்கக் கிடைத்த அந்தக் கடைசி ஒரு வாரத்தைத் தனக்கென்று பத்திரமாக வைத்திருந்தாள் வர்னா. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் கழுத்து வாரை நீட்டினாள்.

"கூட்டிட்டுப் போம்மா. போய் நல்லாத் தூங்கு."