பிரேக்குக்குத் தாமதமாக வந்த கால்

கண் டிராக்டரைப் பார்த்துவிட்டது. கால்தான் வரவில்லை.

ஓசூர் கம்பெனி ஒன்றின் பஸ் டிரைவர் நான். வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றிப்போய் இறக்குவது என் வேலை. அன்று சூளகிரி தாண்டியதும், மாங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று குறுக்கே திரும்பியது. மிதி, மிதி என்று மனம் கத்துகிறது. பாதம் சேற்றிலிருந்து எடுப்பதுபோல் சாவகாசமாக எழுகிறது. எப்படியோ வண்டி நின்றது. பலர் முன்கம்பியில் இடித்துக்கொண்டார்கள். "ஐயோ தேவரே" என்று யாரோ கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு அலறினார்கள்.

"ஏண்ணா, தூங்கிட்டீங்களா?" என்றாள், தினமும் எனக்குப் பின்சீட்டில் உட்காரும் மஞ்சுளா.

தூங்கியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சில மாதங்களுக்கு முன் எல்லாம் தலைகீழ். தைராய்டு (உடம்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கழுத்துச் சுரப்பி) அளவுக்கு மீறிச் சுரந்து, கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. கதிரியக்க அயோடின் (சுரப்பியை அடக்கும் மருந்து) கொடுத்தார்கள். சுரப்பி ஒரேயடியாக அடங்கிவிட்டது. இனி ஆயுளுக்கும் தைராக்சின் மாத்திரை (சுரப்பி தராததை ஈடுகட்டுவது) என்றார்கள். அதோடு தொல்லை விட்டது என்றிருந்தேன். பிறகு முகம் உப்பியது. சித்திரை வெயிலில் குளிர்ந்தது. வயதாகிறது என்று தள்ளிவிட்டேன்.

அன்றே சூப்பர்வைசரிடம் சாவியைக் கொடுத்தேன். என் மனைவி சாந்தா அழவில்லை.

"சரியாகிற வரைக்கும் சாவியத் தொடாதீங்க. அத்தினி பொம்பளைங்க உங்கள நம்பி ஏறுறாங்க."

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. சரியாகாமலே போனால் என்ன செய்வது என்று நினைக்கவே பயமாக இருந்தது.

கிருஷ்ணகிரியில் அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். டிஎஸ்ஹெச் (சுரப்பியை வேலைவாங்க மூளை அனுப்பும் சுரப்பு) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அப்படியென்றால் மாத்திரை உடம்புக்குப் போதவில்லை, கால் மந்தமானதும் அதனால்தான் என்றார்.

"மாத்திரைய விட்டுட்டீங்களா?"

"ஒரு நாள்கூட விடலீங்க. நீங்க சொன்ன மாதிரி காலையில போடுறேன்."

"எழுந்ததும் வெறும் வயித்துலதானே?"

"நைட் ஷிப்டு வாரத்துல காலையிலதாங்க வீட்டுக்கே வருவேன். கேன்டீன்ல டிபன், டீ முடிச்சிட்டு வந்து, மாத்திரையப் போட்டுப் படுத்துக்குவேன்."

மற்ற வாரங்களில் விடிகாலை டீயோடு விழுங்கியதையும் சொன்னேன். காலை என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்திருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். சாப்பாடும் டீயும் மாத்திரையை உடம்பில் சரியாகச் சேரவிடாதாம்.

"எப்பத் தூங்கி எழுந்தாலும் முதல்ல தண்ணியோட மாத்திரை. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் டீ. உங்க வேலை நேரத்த நான் கேட்டிருக்கணும்."

ஷிப்டில் இருப்பவர்களே, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த பரிசோதனைவரை கட்டிலில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். சில நாள் கால் வந்தது, சில நாள் இழுத்தது. வாரங்கள் போய், ரத்தமும் சரி, காலும் சரி என்று டாக்டரம்மா ஒப்புக்கொண்ட பிறகே சாவி கைக்கு வந்தது. முதல் நாள் மஞ்சுளா படியில் நின்று என்னை உற்றுப் பார்த்தாள். வழக்கமான சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

இந்த வாரம் நைட் ஷிப்டு. சாயங்கால வெயில் ஜன்னலில் இறங்கும்போது சாந்தா தண்ணீரோடு வந்து எழுப்புகிறாள்.

"விடிஞ்சிடுச்சு, எழுந்திருங்க."

மாத்திரையை விழுங்குகிறேன். வலது பாதத்தைத் தரையில் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன். உடனே வருகிறது. அதன் பிறகுதான் எனக்கு அன்றைய நாள் தொடங்குகிறது.