பிள்ளையாருக்கு நேந்த கரட்

டென்மார்க்கில, இக்காஸ்ட் எண்ட ஊரில இருக்கிற எங்கட ஆக்களில ஞானேஸ்வரி அக்காவைத் தெரியாத ஆள் இல்லை. முதியோர் இல்லத்தில வேலை. கை நீட்டி உதவி செய்யிற மனுசி. ஆனால் பயம் எண்டு ஒண்டு இருக்கே, ஐயோ, அது அவவோட கூடப்பிறந்தது. மழை பெய்தால் கிழங்கு அழுகிப்போகும் எண்டு பயம். பெய்யாட்டில் காய்ஞ்சு போகும் எண்டு பயம். மகள் துஷாரா ஓகூஸ் நகரத்திலயிருந்து போன் எடுத்தால் என்ன நடந்ததோ எண்டு பயம், எடுக்காட்டில் அதைவிடப் பயம். நாங்களும் பகிடி பண்ணிப் பண்ணிக் களைச்சுப் போனம்.

இந்தமுறை ஒருத்தரும் பகிடி பண்ணேல்லை. அவவின்ர மனுசன் பாலேந்திரா அண்ணைக்கு இரைப்பையில ஒரு கட்டி. வெட்டி எடுக்கலாம், எடுத்தால் மனுசன் தப்பும் எண்டு டொக்டர் சொன்னார். ஆனால் அண்ணையின்ர உடம்பில எலும்பும் தோலும்தான் மிச்சம். "ஓகஸ்டில திரும்ப நிறுத்துப் பாப்பம். அறுபது கிலோவுக்கு வந்தால் வெட்டலாம். இல்லாட்டி இந்த உடம்பு தாங்காது" எண்டார். அது சித்திரை மாசம். அண்ணை அப்ப ஐம்பத்தைஞ்சு.

சாப்பிட்டால்தானே ஏறும்? மீன் குழம்பு மணத்தாலே எழும்பிப் போவார். இடியப்பத்தைத் தள்ளி வைப்பார். ஆஸ்பத்திரியில குடுத்த சின்னப் போத்தல் சத்துப் பாலை ஒரு வாய் குடிச்சிட்டு முகத்தைத் திருப்புவார். ஞானேஸ்வரி அக்கா கெஞ்சிப் பாத்தா, ஏசிப் பாத்தா, கடைசியில கோயிலுக்குப் போய் நேந்துபோட்டா.

"பிள்ளையாரப்பா, இந்த மனுசனை அறுபது கிலோவாக்கித் தா. தேருக்கு அன்னதானம் சமைக்க, என்ர கையால விளைஞ்ச கரட் ஒரு கூடை, ஒரு பழுது இல்லாமல் கொண்டுவந்து தாறன்."

ஏன் கரட் எண்டு கேக்கிறியளோ? வீட்டுக்குப் பின்னால அவ கத்தரி நட்டவ, வெண்டி நட்டவ, பயித்தங்காயும் நட்டவ. எல்லாத்தையும் குளிர் திண்டுபோட்டுது. அந்த மணல் மண்ணில ஒழுங்கா விளையிற ஒரே சாமான் கரட்தான். சாமிக்கு வாக்குக் குடுக்கேக்கையும் மனுசி பயத்தில கணக்குப் பாத்துத்தான் குடுத்தவ.

பக்கத்து வீட்டு கிர்ஸ்டன் நாள் முழுக்கத் தோட்டத்தில குனிஞ்சு நிக்கிற டெனிஷ் மனுசி. அவதான் வளையம் குத்தி, சல்லடை மாதிரி ஒரு மெல்லிய வலையைப் பாத்திக்கு மேல இழுத்து மூட உதவி செய்தவ. "கரட்டுக்கெண்டே ஒரு சின்னக் கறுத்த ஈ இருக்கு. மணத்தைப் பிடிச்சு வரும். வேரடியில முட்டை இடும், புழு கிழங்குக்குள்ள போகும். ஓரத்தை மண்ணுக்குள்ள தாட்டு வை. சும்மா சும்மா திறக்காதை" எண்டு சொன்னா. ஞானேஸ்வரி அக்கா "யா, யா" எண்டு தலையாட்டினா. காதில விழுந்தது, மனதில நிக்கேல்லை. மனம் முழுக்க அண்ணையின்ர தட்டில கிடந்த சோறு.

இதுக்கு முதலே அவ ஒரு பிழை விட்டிருந்தா. கரட் விதையை வரிசையாப் போடாமல், நாங்கள் கீரை விதைக்கிற மாதிரி கை நிறைய அள்ளி விசிறிப்போட்டா. முளைச்சபோது பாத்தி ஒரே பச்சைப் பாய். ஜூன் மாசம் நெருக்கத்தைக் குறைக்க இடைக்கிடை பிடுங்கோணும் எண்டு கிர்ஸ்டன் வேலிக்கு மேலால சொன்னா. பிடுங்கினா. பிடுங்கினதை எறிய எங்கட பொம்பிளையளுக்கு மனம் வருமோ? குருத்தை நுள்ளி எடுத்து, சின்னனா அரிஞ்சு, வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, ஒரு முட்டையும் உடைச்சு ஊத்தி, தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டு வறை வறுத்தா.

அண்டைக்கு அண்ணை தட்டைத் தள்ளேல்லை. வறையைச் சோத்தோட குழைச்சு, மெல்ல மெல்ல, தட்டை வழிச்சுச் சாப்பிட்டார். "என்ன கீரையப்பா இது? நல்லாயிருக்கு" எண்டார்.

அக்கா குசினிக்குள்ள போய் ஃபிரிட்ஜைப் பிடிச்சுக்கொண்டு அழுதா.

பிறகென்ன, ஒவ்வொரு நாளும் மத்தியானம் வலையைக் கிளப்புறது, குருத்தை நுள்ளுறது, மூடுறது. நுள்ள நுள்ளத் தழைக்கும்தானே? வல்லாரையும் முளைக்கீரையும் அப்பிடித்தானே? வீடெல்லாம் கரட் இலை மணம். அண்ணையின்ர கன்னத்தில கொஞ்சம் சதை வைச்சுது. வீட்டுத் தராசில அவரை ஏத்தி ஏத்தி, மனுசனுக்கு அதைக் கண்டாலே எரிச்சல் வந்தது.

ஜூலையில பாத்தியில சில இலையள் செம்மஞ்சளாப் போச்சு. தண்ணி காணாதாக்கும் எண்டு ஊத்தினா. பிறகு இன்னும் கொஞ்சம் சிவந்தது. ஒரு கரட்டை இழுத்துப் பாத்தா. தோலில கறள் பிடிச்ச மாதிரிக் கோடு கோடா ஓட்டை. முறிச்சால் உள்ளுக்குள்ள மஞ்சள் வெள்ளையில ஒரு புழு நெளியுது. அடுத்ததை இழுத்தா, அதிலயும். அதுக்கடுத்ததிலயும்.

அவ போட்ட சத்தத்தில கிர்ஸ்டன் ஓடிவந்தா. பாத்தியைப் பாத்தா, நுள்ளின காம்புகளைப் பாத்தா, விசயம் விளங்கியிட்டுது. "ஞானா, இலையைப் பிச்சனியா? பிச்ச உடனை அந்த மணம் காத்தில போகும். ஈக்கு அது கூப்பிட்டு விருந்து வைக்கிற மாதிரி. வலையையும் திறந்து விட்டிருக்கிறாய். இனிப் பிக்காதை, மூடி வை. மிச்சமாவது தப்பும்."

இப்ப பாருங்கோ மனுசிக்கு வந்த சோதனையை. இலையை நுள்ளாமல் விட்டால் கரட் தப்பும், நேத்தி தப்பும். ஆனால் அண்ணை?

அண்டையில இருந்து வலையைத் தொடேல்லை. கடையில ஸ்பினாற் கீரை வாங்கி அதே மாதிரி வறை வறுத்தா. அண்ணை ஒரு வாய் வைச்சுப் பாத்திட்டு, "வழுவழு எண்டிருக்கு, வேண்டாமப்பா" எண்டு எழும்பிப் போனார். அடுத்த நாளும் அதே கதை. ஒரு கிழமையில தராசு கீழ இறங்கிச்சுது. மகள் போனில டெனிஷில சொன்னா, கரட்டைக் கடையில வாங்கிக் குடுங்கோ அம்மா, சாமிக்குத் தெரியவே போகுது எண்டு. "உனக்கு விசரே? என்ர கையால விளைஞ்சது எண்டெல்லோ சொன்னனான்!" எண்டு இவ போனை வைச்சிட்டா.

அடுத்த நாள் மத்தியானம் பாத்தியடிக்குப் போனா. கனநேரம் நிண்டா. நேத்தியைக் குழப்பினால் சாமி கோவிக்குமோ எண்டு பயம். உள்ளுக்க அண்ணை வெறுந் தட்டுக்கு முன்னால இருக்கிறார்.

"பிள்ளையாரப்பா, என்னோட கோவி. அவரை விட்டிடு" எண்டு சொல்லிக்கொண்டு வலையைக் கிளப்பி, கை நிறையக் குருத்தைப் பிடுங்கினா. அண்டைக்கு அண்ணை ரெண்டு அகப்பை சோறு சாப்பிட்டார். பிறகு ஒருநாளும் அவ நுள்ளுறதை விடேல்லை.

ஓகஸ்டில ஆஸ்பத்திரிக்குப் போச்சினம். அண்ணை தராசில ஏறினபோது அக்கா சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டா, இலக்கத்தைப் பாக்கத் துணிவில்லை. நேர்ஸ் பிள்ளைதான் சிரிச்சுக்கொண்டு சொன்னது. அறுபது கிலோவும் கொஞ்சமும். தேருக்கு அடுத்த கிழமை ஒப்பரேசன் எண்டு டொக்டர் நாள் குறிச்சார்.

வேற ஆள் எண்டால் சந்தோசப்பட்டிருக்கும். இவவுக்கு அங்கதான் பயம் கூடிச்சுது. சாமி தன்ர பங்கைச் செய்துபோட்டுது. இவவின்ர பங்கு மண்ணுக்குள்ள புழுத்துப்போய்க் கிடக்கு. குடுத்த வாக்கைக் குடுக்காமல் அந்த மனுசனை எப்பிடிக் கத்திக்குக் குடுக்கிறது?

தேருக்கு முதல்நாள் பாத்தி முழுக்கக் கிண்டினா. வாளி வாளியாப் புழுக் கரட். வேலியோரத்து மூலை மட்டும், வலைக்கு மேல கிர்ஸ்டன் கல்லு வைச்ச இடம். அங்க அக்காவின்ர கை எட்டாது, ஒருநாளும் திறக்கேல்லை. அதுக்குள்ள விரல் மொத்தத்தில ஒரு பிடி கரட் கிடந்தது, பழுது இல்லாமல். ஒரே ஒரு பிடி. கழுவித் துடைச்சுப் பெரிய கூடைக்குள்ள வைச்சா. கூடையின்ர அடிகூட மறையேல்லை.

அண்ணை பின்கதவால வந்து பாத்தார். "என்னப்பா இது? ஏன் அழுகிறாய்?"

அப்பதான் எல்லாத்தையும் கொட்டினா. நேந்தது, விதைச்சது, நுள்ளினது, ஈ, புழு, எல்லாம். "நாசமாப்போன என்ர கை! சாமிக்கெண்டு வைச்சதை நானே கெடுத்துப்போட்டன். உங்களுக்கு ஒண்டெண்டால் நான் என்ன செய்வன்?"

அண்ணை குனிஞ்சு கூடைக்குள்ள பாத்தார். பிறகு, "அப்ப சாமியின்ர கரட் முழுக்க என்ர வயித்துக்குள்ளயோ கிடக்கு?" எண்டு கேட்டார். "அப்பிடியெண்டால் நானும் வரத்தானே வேணும். நாளைக்கு மடப்பள்ளியில மரக்கறி வெட்டப் போறன்."

"உங்களாலை ஏலாது, பேசாமல் இருங்கோ."

"ஏலும்."

போனார். தேரண்டு விடியவே மடப்பள்ளி வாசலில ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, மலை மாதிரிக் குவிச்சிருந்த கடைக் கரட்டை மற்ற ஆக்களோட சேந்து வெட்டினார். ஞானேஸ்வரி அக்கா அந்த ஒரு பிடியையும் பக்கத்தில கொண்டுபோய் வைச்சா. அண்ணை அதையும் எடுத்து அரிஞ்சு, குவியலோட தள்ளிவிட்டார். எது ஆரின்ர கரட் எண்டு பிறகு ஒருத்தருக்கும் தெரியாது. கரட் கறி அண்டாவில கொதிச்சுது. அக்கா தேரைப் பாக்கேல்லை. பிள்ளையார் ஏத்துக்கொண்டாரோ இல்லையோ எண்டு அண்டாவையே பாத்துக்கொண்டு நிண்டா.

தேர் சுத்தி வந்து இருப்பிடத்தில நிண்டாப்பிறகு அன்னதானம். ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில இருந்திச்சினம். அக்காவுக்கு ஒரு பருக்கை இறங்கேல்லை. மனம் வாற கிழமை ஒப்பரேசனில, கண் முழுக்க அண்ணையின்ர தட்டில. வறை இல்லை. சோறு, பருப்பு, கரட் கறி. இதை இந்த மனுசன் தொடுமோ?

அண்ணை குழைச்சார். ஒரு வாய் வைச்சார். பிறகு இன்னொரு வாய். தட்டு மெல்ல வெறுமையாச்சுது. சோத்து வாளியோட ஒரு பெடியன் அவையளைத் தாண்டிப் போகேக்க, அண்ணை கையை உயத்தி மறிச்சார்.

"தம்பி, எனக்கு இன்னும் கொஞ்சம் போடு."

கட்டி வந்த நாளில இருந்து மனுசன் தானாக் கேட்டு வாங்கின முதல் சோறு அது. ஞானேஸ்வரி அக்கா, அவ்வளவு சனத்துக்கு நடுவில, தன்ர தட்டையும் அவர் பக்கம் தள்ளி வைச்சிட்டு விக்கி விக்கி அழுதா.