சொல்ல முடியாது, அத்தை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பாச்சாங்கில் எங்கள் கிளினிக் கவுண்டருக்கு முன்னால் ஓர் அத்தை வந்து நின்றார். கையில் ஒரு பை நிறைய கறிபாப், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்தது, சுடச் சுட. எங்களுக்குத்தான் வாங்கி வந்ததாகச் சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்தக் கிளினிக்கில் நான் நிர்வாகம் பார்ப்பது வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனாலும் எல்லோரும் நர்ஸைக் கூப்பிடுகிற மாதிரி மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். மறுத்து மறுத்து எனக்கு அலுத்துவிட்டது.

அதற்கு முந்தைய வாரங்களில் எங்களுக்குச் சரியான தூக்கமே கிடையாது. நோயாளிகளின் விவரங்களைப் பாதுகாக்கும் சட்டம் கடுமையாகிவிட்டதல்லவா? விவரம் வெளியே கசிந்தால் இனி மூடி மறைக்க முடியாது. மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பாதிப்பு பெரிதென்றால் நோயாளிக்கும் சொல்ல வேண்டும். தவறினால் அபராதம். சின்ன கிளினிக்கை யார் கேட்கப் போகிறார்கள் என்றிருந்த டாக்டர், கோலாலம்பூரில் ஒரு விளக்கக் கூட்டத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. "இனிமே இதுக்கெல்லாம் நீங்கதான் பொறுப்பு" என்று என்னைக் கை காட்டிவிட்டார்.

பாஸ்வேர்டுகளை மாற்றினோம். ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்த வாட்ஸ்அப் குழுவைக் கலைத்தோம். ஃபைல் அலமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கினோம். எல்லாவற்றையும் பூட்டினோம்... வாயைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அத்தைக்கு வருவோம். பக்கத்து ஊர் கிளேபாங்காரர். எங்களிடம் பல வருடமாக மருந்து வாங்குபவர். பெயர் பாக்கியம் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அண்ணன் மகனுக்குச் சுங்கை ரம்பாயில் பெண் பார்த்திருக்கிறார்கள். அண்ணன் வீட்டில் அத்தை தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும்.

"பொண்ணு இங்கதான் மருந்து எடுக்குதாம். பார்த்தவங்க சொன்னாங்க. அது என்னா மருந்து மிஸ்ஸி? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்லா."

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெண் எடுப்பதற்கு முன்னால் விசாரிப்போம். கோயிலில் விசாரிப்போம், மளிகைக்கடையில் விசாரிப்போம், பெண் வேலை செய்யும் ஆபீஸில் விசாரிப்போம். இப்போது கிளினிக்கும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. இதைத் தப்பென்று யாரும் நினைப்பதில்லை. அத்தையும் ஜாதகம் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார்.

பெண்ணை எனக்குத் தெரியும். கவிதா என்று வைத்துக்கொள்வோம். சுங்கை ரம்பாய்ப் பக்கம் டாக்டரே இல்லாமலா இவ்வளவு தூரம் வருகிறாள்? தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்றுதான் வருகிறாள். அப்படி வந்தும் கண்ணில் பட்டுவிட்டாள், பாவம்.

கவுண்டரில் இருந்த ஜெய்னம்பு அக்கா, "நல்ல பொண்ணு அத்தை..." என்று ஆரம்பித்தார். அக்காவுக்குக் கெட்ட மனசு கிடையாது. நாலு நல்ல வார்த்தை சொல்லி அந்தக் கல்யாணத்தை முடித்து வைக்கத்தான் துடித்தார். ஆனால் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும்?

"அக்கா, பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிச்சு, கொஞ்சம் பாருங்க" என்றேன். ஒரு பேப்பரும் மாட்டவில்லை. என்னை முறைத்துக்கொண்டே எழுந்து போனார்.

"சொல்ல முடியாது, அத்தை. சட்டம் மாறிருச்சு" என்றேன்.

அத்தை மெதுவாகத் தலையை ஆட்டினார். "புரிஞ்சிருச்சு மிஸ்ஸி. அப்ப ஏதோ இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டத்தைக் காப்பாற்றிவிட்டேன், சரி. ஆனால் அதனாலேயே ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிடுமோ? 'ஒண்ணும் இல்ல அத்தை' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் நாளைக்கு இன்னொருவர் இன்னொரு பெண்ணைப் பற்றிக் கேட்டு வருவார். அன்றைக்கு நான் வாயை மூடினால் அந்தப் பெண் அல்லவா மாட்டிக்கொள்வாள்? கோலாலம்பூர்க் கூட்டத்தில் இதற்கு யாரும் பதில் சொன்னதாக டாக்டர் சொல்லவில்லை.

கோபம் வந்தது எனக்கு. அத்தை மேலா, என் மேலேயேவா... தெரியவில்லை.

"அத்தை, உங்க ஃபைலும் இந்த அலமாரியிலதான் இருக்கு. நாளைக்கு உங்க மகன் பொண்டாட்டி வந்து, மாமி என்னா மருந்து எடுக்குறாங்கனு கேட்டா, நான் என்னா சொல்லணும்?"

அத்தை அலமாரியைப் பார்த்தார். தோளில் தொங்கிய பையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அவங்களுக்கும் இதே பதில்தான். சளிக்கு மருந்து வாங்க வந்தவங்களப் பத்திக் கேட்டாலும் இதேதான்."

அப்படியே திரும்பிப் போய்விட்டார். கறிபாப் மட்டும் கவுண்டரில் இருந்தது. அன்றைக்கு யாரும் அதைத் தொடவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளையப் பத்தித்தான் கேட்டிருக்காங்க. அதுக்குத் தெரியணும், கூப்பிட்டுச் சொல்லிருங்க" என்றார். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் கவிதாவைக் கூப்பிட்டு எப்படியோ சொல்லி முடித்தேன்.

"நீங்க என்ன சொன்னீங்கக்கா?"

"ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா அதையே அவங்க பதிலா எடுத்துக்கிட்டாங்க. எனக்கு மனசே சரியில்ல."

"பரவாலக்கா" என்றாள் கவிதா. "கட்டிக்கப் போறவருகிட்ட இதப் பத்தி நான் எப்பவோ பேசிட்டேன். அவங்க வீட்டுலயும் நானே பேசணும்னுதான் இருந்தேன். நீங்க சொல்லியிருந்தா, நான் பேசுறதுக்கு என்னக்கா இருந்திருக்கும்?"

அதன் பிறகு அவளிடமிருந்து போன் இல்லை. அத்தையையும் காணோம். கிளினிக் போன் அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பகீரென்றது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் கவுண்டரில் பயிற்சி ஆரம்பித்தோம். டாக்டர் யாரோ மாதிரி போன் போட்டு, "பக்கத்து வீட்டு அங்கிளுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்பார். ஜெய்னம்பு அக்கா, "நாங்க யாரப் பத்தியும் சொல்றதில்ல, அவங்களயே கேளுங்க" என்று சொல்ல வேண்டும். முகம் மாறக் கூடாது. குரலும் மாறக் கூடாது.

முதல் நாள் அக்காவுக்கு வரவேயில்லை. "நல்லா இருக்காருனு சொன்னா என்னா குறைஞ்சிரும்லா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

"நல்லா இருக்கறவங்களுக்கு மட்டும் வாயைத் திறந்தா, திறக்காதப்ப எல்லாரும் புரிஞ்சிக்குவாங்களேக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் சண்டை போடவில்லை.

நேற்றுதான் பாக்கியம் அத்தை மறுபடியும் வந்தார், மாத மருந்து வாங்க. கவுண்டரில் குனிந்து ஜெய்னம்பு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மகன் பொண்டாட்டி, என் மருந்தப் பத்திக் கேட்டு இங்க போன் போட்டாளாம். நீங்க ஒண்ணுமே சொல்லலைனு வீட்டுல ஒரே கோவமா இருக்கா."

"யாரு கேட்டாலும் அதேதான் அத்தை" என்றார் அக்கா. முகம் மாறவில்லை.

அத்தை பெருமூச்சு விட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

"பொண்ணே நேரா வந்து எங்கிட்ட உக்காந்து பேசிருச்சு மிஸ்ஸி. அழாம பேசுச்சு. அப்புறம் நான் என்னாலா சொல்றது? குடும்பத்தோட வந்துருங்க."

கவிதாவிடமும் அத்தையிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். உங்கள் நாக்கு நுனியில் ஒரு கேள்வி நிற்குமே... 'அதெல்லாம் சரி, அந்தப் பொண்ணுக்கு என்னதான் மருந்து?'

கறிபாப் வாங்கி வந்தாலும் சொல்ல முடியாது.