மிதிபடகில் பக்கத்து சீட்

ஆவடி ஏரிக்கு நான் தனியாகப் போனது தப்பு. மிதிபடகு என்றால் இரண்டு பேர் வேண்டும் என்றார் டிக்கெட் கொடுப்பவர். முழித்துக்கொண்டு நின்றேன். "நா வர்றேன் கண்ணு" என்று ஒரு அம்மா வந்தார். மஞ்சள் பூசிய வட்ட முகம், பூப்போட்ட புடவை, காலில் புத்தம்புது வாக்கிங் ஷூ.

படகு நகர்ந்ததும் கரையைப் பார்த்துக் கையாட்ட ஆரம்பித்தார். அங்கே வேர்த்து விறுவிறுத்து நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரும் கையாட்டினார்.

"எங்க ஊட்டுக்காரரு. ரெண்டு பேரும் நடக்கணும்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. எனுக்கு நடந்தா முட்டி வலிக்குது. அதான் தெனம் இங்க வந்து மிதிக்கிறேன்."

மூச்சு வாங்கியது எனக்குத்தான். குனிந்து பார்த்தேன். எங்கள் இருவர் பெடல்களும் ஒரே கம்பியில் இருந்தன. நான் மிதிக்க மிதிக்க, அவர் ஷூ சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"நீங்க மிதிக்கவே இல்லையேம்மா!"

"காலு சுத்துதா இல்லியா? அத்த சொல்லு."

இறங்கும்போது என் தொடை நடுங்கியது. அவர் என் முதுகில் தட்டி, "தெனமும் வா கண்ணு, ஒடம்புக்கு நல்லது" என்றார்.

அடுத்த ஞாயிறு போனால், அந்த அம்மா வேறொரு பெண்ணோடு நடு ஏரியில் இருந்தார். எனக்கும் கையாட்டினார். கொஞ்சம் பொறாமையாக இருந்தது.