செருப்பில்லாமல் வந்த ஸ்போர்ட்ஸ் கார் டிரைவர்

படிப்பு ஏறாத நான்தான் அவனியாபுரத்தில் முள்ளுக்காட்டை வெட்டி ஒர்க்‌ஷாப் போட்டேன். மாடி வீடு கட்டினேன். பிள்ளைகளை இன்ஜினியர் ஆக்கினேன். அப்பேர்ப்பட்ட என்னையே ஒரு டிரைவர் அசர வைத்துவிட்டார்.

போன ஐப்பசியில், கொட்டுகிற மழையில், தரையோடு படுத்தாற்போல ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் என் வாசலில் நின்றது. நரைத்த மீசைக்காரர் ஒருவர் இறங்கினார். முதலாளி மகனின் மாப்பிள்ளை அழைப்புக்குக் காரைத் திருப்பரங்குன்றம் கொண்டுபோக வேண்டுமாம்.

“அண்ணே, லேசா மிதிச்சாலே பாயுதுண்ணே. ஒரு கீறல் விழுந்தா என் வேலை போயிரும்.”

அவர் காலைப் பார்த்தேன். வெறுங்கால், சொட்டச் சொட்ட ஈரம்.

“செருப்பு எங்கப்பா?”

“டிக்கில இருக்கு. முதலாளி காருக்குள்ள செருப்போட ஏறினதே இல்லண்ணே.”

“கார் பாயல, தம்பி. உன் ஈரக்கால்தான் வழுக்குது. செருப்ப மாட்டு!”

“வேலையே போனாலும் அது மட்டும் முடியாதுண்ணே.”

என் புதுத் துண்டை உருவி அவர் காலையும் பெடலையும் துடைத்துவிட்டேன். என் லோடு ஆட்டோவில் பள்ளம் பார்த்து நான் முன்னால் போக, அவர் பின்னாலேயே உருட்டி வந்தார். கல்யாண மண்டபம் போய்ச் சேர்ந்தபோது காரில் ஒரு கீறல் இல்லை. எல்லாரும் அவர் கையைக் குலுக்கினார்கள்.

வேலைக்கு அம்புட்டுப் பயந்தவர், செருப்பு விஷயத்தில் மட்டும் ஏன் அசையவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அருமையான மனிதர்தான். ஆனால் மழையில் அந்தக் காரைக் கொண்டுவந்த கதையை யார் சொன்னாலும், முன்னால் போனது நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.