சுண்ணாம்பு காயாத அறை

பக்கத்து வீட்டில் இன்று வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பு வாடை ஜன்னல் வழியே வந்ததும், காரைக்குடி சாலையோரத்தில் இப்போது பெட்ரோல் பங்க் இருக்கும் இடத்தில் அன்றிருந்த பழைய லாட்ஜின் ஆறாம் நம்பர் அறைக்குள் போய் நிற்கிறேன். கோயிலுக்குப் போகிற வழியில் அங்கே தங்கினோம். மற்ற அறைகளின் சுவரெல்லாம் காரை பெயர்ந்து கிடக்க, நமக்கு மட்டும் புது வெள்ளையடித்த அறை என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. நிலையில் எலுமிச்சம்பழம் தொங்கியது. மேலே ஃபேன் இல்லை, ஸ்டூலில் ஒரு டேபிள் ஃபேன் கடகடத்துக்கொண்டிருந்தது. கட்டிலில் குதித்த என்னையும் தங்கச்சியையும் மேனேஜர் அதட்டவில்லை.

"நல்லாச் சத்தம் போட்டு வெளாடுங்க தாயீ" என்று மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்.

அறை கூட்ட வந்த அம்மாள்தான், அவர் போனபிறகு, அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்:

"போன வாரம் இங்கனதான் ஒருத்தரு தூக்கு மாட்டிக்கிட்டாரு. புள்ளகுட்டியோட வந்தவுக மொதல்ல தங்கிச் சிரிச்சுட்டுப் போனா, ரூமு சுத்தமாயிரும்னு ஒங்களுக்குக் குடுத்திருக்காக."

அம்மா மேலே பார்த்தாள். ஃபேன் மாட்டும் கொக்கிக்கும் சேர்த்தே வெள்ளையடித்திருந்தார்கள். அதற்கு நேர் கீழே தங்கச்சி சிரித்துச் சிரித்துக் குதித்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு குதிப்புக்கும் அதைப் பிடிக்கக் கையை நீட்டியபடி.