ஓகே மார்க் ஒட்டாத ரத்தம்

அருவருப்பில்தான் எல்லாம் தொடங்கியது. ஒரகடத்தில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் மாடிக்கு ஒரே கழிப்பறை. பல்பு போனால் மாற்ற ஒரு வாரம் ஆகும். காலை ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் தொட்டியில் தண்ணீரும் தீரும். அன்றும் தண்ணீர் தீர்ந்திருந்தது. நான் இருட்டிலேயே போய்விட்டு வந்து தலை சீவிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் செல்போன் வெளிச்சத்தோடு போன அறைத்தோழி செல்வி, போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஏட்டி பேச்சி, வந்து பாரு. எவளோ கருப்பட்டிக் காப்பிய ஊத்தி வச்ச மாதிரி வச்சுட்டுப் போயிருக்கா."

எட்டிப் பார்த்தேன். "பன்னிகூட இப்படி வைக்காது" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அந்த விடுதியில் என் பட்டப்பெயர் பினாயில். என் வாளி தனி, டம்ளர் தனி, துணி காயப்போடும் கயிறுகூடத் தனி. நான் கத்தியதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

பிறகு ஒருநாள் புது பல்பு மாட்டினார்கள். மறுநாள் காலை குனிந்து பார்த்தேன். கருப்பட்டிக் காப்பி என்னிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் கம்பெனிக் கழிப்பறைச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருப்பார்கள். வெயில் காலத்தில் உற்பத்தி லைனில் யாரும் மயங்கி விழக்கூடாது என்பதற்காக, சிறுநீரின் நிறங்களை வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பு வரை கட்டம் கட்டிப் போட்ட படம். பழுப்பு என்றால் உடனே தண்ணீர் குடிக்க வேண்டும். என் நிறம் கடைசிக் கட்டத்தையும் தாண்டியிருந்தது. நானும் பாட்டில் பாட்டிலாகக் குடித்தேன். மதியத்துக்குள் நிறம் வெளுத்துவிடும். படம் சொன்னது சரிதான் என்று நிம்மதியாவேன். மறுநாள் காலை, பழைய குருடி கதவைத் திறடி.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது காலையில் மட்டும் நிறம் கறுத்து, பொழுது ஏற ஏறத் தெளிந்தால், அந்தத் தெளிவை நம்பாதீர்கள். நான் நம்பி மாதக்கணக்கில் வீணாக்கினேன்.

படியேறினால் மூச்சு வாங்கியது. கண் மஞ்சளித்தது. என் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் கலா அக்கா குன்றத்தூர்க்காரர். என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "கண்ணு மஞ்சளா கீதேம்மா. காமாலைதான். இதுக்கு இங்கிலீஷ் மருந்துலாம் வேலைக்கு ஆவாது" என்று மறுநாளே கீழாநெல்லியை அரைத்து, மோரில் கலக்கி, பழைய ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்தார். பாட்டிலில் ஊறுகாய் வாசனை போகவில்லை. நல்ல மனுஷி. ஆனால் அந்தப் பச்சைக் கலங்கலை நினைத்தால் இன்றும் எனக்கு வாயில் எச்சில் ஊறிக் குமட்டுகிறது. உப்பில்லாத கஞ்சியும் அதுவுமாக உடம்பு இன்னும் இளைத்தது.

விடுதி நடத்தும் ஜெயா அக்காவுக்கு வேறு கணக்கு. கழிப்பறைக் கறையையும் என் வெளிறிய முகத்தையும் முடிச்சுப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். "இன்னாத்த கலைச்சிக்கினு வந்தே? மறைக்காம சொல்லிடு. என் வூட்டுக்குப் போலீஸ்லாம் வரக் கூடாது."

எனக்கு அவர்மேல் வந்த அருவருப்பு, கழிப்பறையில் வந்ததைவிடப் பெரியது. வயசுப் பெண்ணுக்கு ரத்தம் போனால் இவர்களுக்கு அந்த ஒரு காரணம்தான் தெரியும்.

கடைசியில் லைனிலேயே சுருண்டு விழுந்தேன். வயிற்று வலி. எச்சில் விழுங்கினால்கூட நெஞ்சுக்குள் யாரோ பிடித்து முறுக்குவதுபோல் இருந்தது. பக்கத்து மருத்துவமனையில் சிறுநீரில் கிருமி என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தும் நிறம் மாறவில்லை. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் ரத்தநோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே காலையின் முதல் சிறுநீரைக் கொண்டுவரச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டிலில் பிடித்து, ஜவுளிக்கடைப் பையில் சுற்றி, படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். நெரிசலில் பை நழுவி பாட்டில் தெரிந்துவிட்டது. எதிரே இருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "காலங்காத்தாலயே கூல்ட்ரிங்ஸா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். தாம்பரம் வரும்வரை அந்தச் சூடு என் மடியில் இருந்தது. என் உடம்பே ஒரு சாக்கடை, நான் அதன்மேல் உட்கார்ந்து போகிறேன் என்று தோன்றியது.

அந்தப் பிரிவின் மருத்துவர் அம்மா பொறுமையானவர். சிறுநீரில் சிவப்பு இருக்கிறது, ஆனால் முழுச் சிவப்பணு ஒன்றுகூட இல்லை என்றார். அணுக்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைகின்றன. உடைந்ததிலிருந்து கொட்டும் ஹீமோகுளோபின் (சிவப்பணுவுக்கு நிறம் தரும் புரதம்) சிறுநீரில் இறங்குகிறது. இன்னொரு ரத்தப் பரிசோதனை செய்து பெயரும் சொன்னார்: பி.என்.எச். (உடம்பின் சொந்தக் காவலே சிவப்பணுக்களை உடைக்கும் ஓர் அபூர்வ நோய்).

"யார் உடைக்கிறாங்க மேடம்?" என்று கேட்டேன். கிருமியின் பெயர் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"உங்க உடம்புதான். காம்ப்ளிமென்ட்னு ஒரு கூட்டம் இருக்கு." (கல்லீரலில் உண்டாகி ரத்தத்தில் சுற்றும் பாதுகாப்புப் புரதங்கள். தமிழில் நிரப்புப் புரதங்கள் என்கிறார்கள்.) "சும்மா மிதந்துகிட்டே இருக்கும். கிருமியைப் பார்த்தா ஒண்ணு இன்னொண்ண எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும். கடைசியா எல்லாம் சேர்ந்து வளையம் மாதிரி நின்னு, கிருமியோட தோல்ல ஓட்டை போட்டுடும். தண்ணி உள்ள பூந்து அது வெடிச்சுடும்."

"நான் கிருமி இல்லையே?"

"அதைக் காட்டத்தான் நம்ம அணு ஒவ்வொண்ணு மேலயும் ரெண்டு காவல் புரதம் நிக்கும். 'இது நம்ம ஆளு, விட்டுடு'ன்னு சொல்ற மாதிரி. உங்க அணுக்கள்ல அது நிக்கல. எலும்பு மஜ்ஜையில (எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம்) ஒரு தாய் அணு பழுதாயிடுச்சு. பிறவியில வந்தது இல்ல, பரம்பரையும் இல்ல. காவல் புரதத்தைத் தோல்ல மாட்டி வைக்கிற கொக்கிய அதால செய்ய முடியல."

என் வேலையே அதுதான். போல்ட்டு சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்த்து, அதன் தலையில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போடுவேன். அதற்கு ஓகே மார்க் என்று பெயர். கோடு இல்லாத பொருள் அடுத்த மேஜைக்குப் போனால், அவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் மார்க் போட்டால் கோடு வழிந்துவிடும். நல்ல பொருளெல்லாம் ஸ்கிராப்புக்குப் போகும். புதிதாக வரும் பெண்கள் எல்லோரும் முதல் வாரம் இந்தத் தப்பைச் செய்வார்கள்.

இதைச் சொன்னதும் மருத்துவர் சிரித்துவிட்டார். "அதேதான். ஆனா இதைத் துணி வச்சுத் துடைக்க முடியாதும்மா."

ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றிய ரத்தம் நன்றாக இருந்தது, என்னுடையது உடைந்துகொண்டே இருந்தது. பிறகு கல்லீரலின் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்தது. இந்த நோயில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அதுதானாம். காம்ப்ளிமென்டைத் தடுக்கும் ஊசி இருக்கிறது, ஆனால் விடாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அது தொடர்ந்து கிடைக்க வழியில்லை. என் மஜ்ஜையும் வற்றிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த வழி, பொருந்துகிற ஒருவரின் மஜ்ஜை அணுக்களை வாங்கி வைப்பது.

என் அம்மா பாதிதான் பொருந்தினார். முழுதாகப் பொருந்தியவன் என் அண்ணன் சுடலை.

சுடலையைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். சங்கரன்கோவிலில் மினி லாரி ஓட்டுகிறான். உதட்டுக்குள் எந்நேரமும் போயிலை. சுவர், படி, வாழைக்கன்று என்று பார்க்காமல் துப்புவான். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, குடித்துவிட்டு வந்து நான் துணி அடுக்கி வைத்திருந்த பைக்குள்ளேயே வாந்தி எடுத்தான். அந்தப் பையோடுதான் பஸ் ஏறி ஒரகடம் வந்தேன். அதற்குப் பிறகு அவனோடு பேச்சில்லை. எப்போதாவது அவன் கூப்பிட்டாலும், துப்புகிற சத்தம் கேட்டதும் போனை வைத்துவிடுவேன்.

"அவன் ரத்தம் எனக்கு வேண்டாம்" என்று அம்மாவிடம் சொன்னேன். சொன்னபோது நிஜமாகவே வேண்டாமென்றுதான் இருந்தது. அம்மா அழவில்லை. "அப்ப சாவுதியாட்டி?" என்று மட்டும் கேட்டார்.

சாகப் பிடிக்கவில்லை. சரி என்றேன்.

அம்மா சொல்லி அனுப்பியதும் சுடலை முகம் மழித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். இரண்டு மாதம் குடிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பக்கத்தில் வந்தபோது மோந்து பார்த்தேன். போயிலையும் வியர்வையும்தான் வந்தது, சாராயம் இல்லை.

"எலும்ப வெட்டுவாங்களாட்டி?"

"இல்ல. ஊசி போட்டு அணுவ ரத்தத்துக்கு வரவச்சு, கையிலிருந்து மிஷின்ல பிரிச்செடுப்பாங்க."

"அப்ப சரி. ஆள் விட்டுக் கூப்பிடணுமா? நீயே கூப்பிட்டிருந்தா வரமாட்டனா?" என்றான். அடுத்த நிமிஷமே துப்புவதற்கு வெளியே ஓடினான்.

அடுத்து நடந்ததை நான் அழகாக எழுத மாட்டேன். நீங்கள் இந்தச் சிகிச்சைக்குப் போகிறவராக இருந்தால் தெரிந்துகொண்டு போவது நல்லது. பழைய மஜ்ஜையை மருந்தால் அழிப்பார்கள். முடி கொத்தாகத் தலையணையில் கிடக்கும். வயிற்றுப்போக்கு நிற்காது. அடுத்தவர் துடைத்துவிட வேண்டியிருக்கும், அதை மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாயும் தொண்டையும் வெந்து தோலுரியும். எச்சிலை விழுங்க முடியாது. எனக்கு ஒரு ஸ்டீல் கிண்ணம் கொடுத்தார்கள். பகலெல்லாம் அதில் துப்பினேன். நூல் நூலாக, ரத்தம் கலந்து, உதட்டைவிட்டுப் போகாத எச்சில். வாளி தனி, டம்ளர் தனி என்றிருந்த பினாயிலின் கதி இது.

சுடலையின் அணுக்கள் ஒரு சின்னப் பையில் வந்து, கழுத்துக் குழாய் வழியாக இறங்கின. அவனை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று போனில் பேசினான். நான் கிண்ணத்தில் துப்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏட்டி, இனிமே என்னையச் சொல்லுவியா?"

சிரித்தேன். உதடு வெடித்து ரத்தம் வந்தது. அதுவும் சேர்ந்து வலித்தது.

அணுக்கள் ஒட்டின. தோலில் தடிப்பு, காய்ச்சல் என்று அவை கொஞ்சகாலம் என்னோடு சண்டை போட்டன, பிறகு அடங்கின. மாத்திரைகளும் முகக்கவசமுமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஊரிலேயே இருந்தேன். திரும்பி வந்தபோது கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். முதல் நாள் அடையாள அட்டைப் பிரிவுக்குப் போனேன்.

"ரத்த குரூப் பி பாசிட்டிவ்னு இருக்கு சார். ஓ பாசிட்டிவ்னு மாத்தணும்."

"அன்னிக்கு தப்பா குட்த்துட்டியா?"

"இல்ல சார். அப்ப பி. இப்ப ஓ."

"இன்னாம்மா நீ, ரத்த குரூப்புலாம் மாறாது. பொறந்ததுலேர்ந்து ஒன்னுதான்."

மருத்துவமனைக் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப இது யார்துமா?"

"எங்க அண்ணன்து" என்றேன். அந்த வார்த்தையை நான் வெளியாரிடம் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது.

போன பரிசோதனைக்குப் போனபோது மருத்துவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். அந்தக் காம்ப்ளிமென்ட் கூட்டம் இப்போது யாருடையது? என்னுடையதுதானாம். அதைச் செய்வது கல்லீரல், கல்லீரல் மாறவில்லை. அதே புரதங்கள்தான் இன்றும் சுற்றிவந்து ஒவ்வோர் அணுவையும் தொட்டுப் பார்க்கின்றன. என் சொந்த ரத்தத்தைச் சிவப்புத் தொட்டியில் போட்ட அவை, சுடலையின் ரத்தத்தை ஓகே என்று விட்டுவிடுகின்றன. நான் வாசலிலேயே நிறுத்தி வைத்தவனை என் உடம்பு உள்ளே விட்டுவிட்டது.

இப்போதும் காலையில் குனிந்து பார்க்கிறேன். கம்பெனிச் சுவர்ப் படத்தின் முதல் கட்டம், வெளிர் மஞ்சள். ஆனாலும் பார்க்காமல் எனக்குப் பொழுது விடிவதில்லை. மற்றவர்களுக்கு வெளிச்சம் வந்தால் விடிகிறது, எனக்கு நிறம் தெரிந்தால்தான்.

குரூப்பைத் திருத்திய அடையாள அட்டை கைக்கு வந்த அன்று சுடலையைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியுதியா? பத்திரமா வச்சிக்கட்டி. எனக்கு ஒண்ணுன்னா திருப்பிக் கேப்பேன்" என்றான். உடனே அந்தச் சத்தம். தூ.

"அண்ணே, போன்ல துப்பாத."

"சரிட்டி, துப்பல."

லாரிக்கு டயர் மாற்றிய கதையைச் சொல்லத் தொடங்கினான். பாதியில் மறுபடியும் துப்பினான். எனக்குக் குமட்டியது. போனை வைக்கவில்லை.